உலக சாம்பியன் இருந்தும் கோப்பை ஏன் வரவில்லை? போலந்து ஸ்பீட்வே லீக்கின் 2022 சீசன் சொல்லும் கணக்கு

2022இல் போலந்தின் பார்த்தோஷ் ஸ்மார்ஸ்லிக் ஸ்பீட்வே மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் மூன்றாவது முறையாக உலக சாம்பியன் ஆனார். போலந்தின் முதல்நிலை லீக்கான எக்ஸ்ட்ராலிகாவில் அந்த ஆண்டு அவர் ஓட்டியது கோஷூஃப் நகரத்தின் ஸ்டால் அணிக்கு. லீக் பட்டமோ லுப்லின் நகரத்தின் மோட்டோர் அணிக்குப் போனது. லுப்லினுக்கு அதுவே வரலாற்றில் முதல் பட்டம். இறுதியில் அவர்களிடம் தோற்றதும் ஸ்மார்ஸ்லிக்கின் அணிதான்.

இது ஒரு தடவை நடந்த விபத்து இல்லை. 2019, 2020 இரண்டு ஆண்டுகளும் உலகப் பட்டம் ஸ்மார்ஸ்லிக்குக்கு. லீக் பட்டம் இரண்டு முறையும் லெஷ்னோ நகரத்தின் யூனியா அணிக்கு. உலகத்திலேயே வேகமானவரை வைத்துக்கொண்டு ஓர் அணி எப்படித் தோற்கிறது என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடை ஸ்பீட்வேயின் புள்ளிக் கணக்கில் இருக்கிறது. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

பிரேக் இல்லாத பைக்

பைக் ரேஸ் என்றதும் நமக்கு இருங்காட்டுக்கோட்டை மாதிரி தார் ட்ராக்தான் நினைவுக்கு வரும். ஸ்பீட்வே மண்ணில் நடப்பது. நீள்வட்ட வடிவ ட்ராக், ஒரு சுற்று ஏறக்குறைய 300 முதல் 400 மீட்டர். பைக்கில் 500 சிசி, ஒற்றை சிலிண்டர் எஞ்சின். எரிபொருள் மெத்தனால். ஒரே ஒரு கியர். பிரேக் கிடையவே கிடையாது. எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும் என்பதால், வளைவில் தரையில் ஊன்றும் இடது காலின் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு மாட்டியிருப்பார்கள்.

வளைவில் பைக்கைத் திருப்புவது பின்சக்கரம்தான். ஆக்சிலேட்டரைத் திருகிப் பின்சக்கரத்தை மண்ணில் வழுக்கவிட்டு, ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி இடப்பக்கம் போவார்கள். பார்க்கத் தலைகீழாக இருக்கும். ஆனால் பைக் விழாமல் நிற்பதும், வேகம் தேவையான அளவு குறைவதும் அந்த வழுக்கலால்தான். போலந்து மொழியில் இந்த விளையாட்டின் பெயருக்கே கரிக்கசடு என்று பொருள். பழைய ட்ராக்குகள் அதைக் கொட்டித்தான் போடப்பட்டன.

ஒரு பந்தயத்துக்கு ‘ஹீட்’ என்று பெயர். நான்கு பேர், நான்கு சுற்று, சுமார் ஒரு நிமிடம். ஆரம்பக் கோட்டுக்கு முன்னால் பூட்ஸால் மண்ணைச் சுரண்டித் தனக்கு ஒரு தடம் போட்டுக்கொள்வார் வீரர். பிறகு நெஞ்சு உயரத்துக்குக் கட்டிய டேப்பைப் பார்த்தபடி கிளட்சைப் பிடித்துக் காத்திருப்பார். டேப் மேலே எழும்பியதும் பாய வேண்டும். அவசரப்பட்டு டேப்பைத் தொட்டாலே அந்த ஹீட்டிலிருந்து வெளியே. முதல் வளைவுக்குள் முன்னால் நுழைந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஒரு லீக் ஆட்டம் என்பது இப்படி 15 ஹீட்டுகள். உண்மையான பந்தய நேரம் எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் டிராக்டர் மண்ணைச் சமன்படுத்தும், தண்ணீர் லாரி ஈரம் போடும், கேலரியில் ரசிகர்கள் பேனாவோடு நிகழ்ச்சித் தாளில் புள்ளிகளை எழுதிக்கொண்டிருப்பார்கள். விழுந்தவர், பைக் நின்றுபோனவர், வெளியேற்றப்பட்டவர், டேப்பைத் தொட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் எழுத்து உண்டு. சின்னப் பிள்ளைகள்கூட அந்தத் தாளை நிரப்புவார்கள்.

மூன்று, இரண்டு, ஒன்று, சுழியம்

ஒவ்வொரு ஹீட்டிலும் அணிக்கு இருவர். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை. ஆக ஒரு ஹீட்டில் 6 புள்ளி, 15 ஹீட்டுக்கு 90. வெல்வதற்கு 46 வேண்டும். ஒரே ஹீட்டில் இரண்டு பேர் முடிக்காமல் போனால்தான் இந்த மொத்தம் 90க்குக் கீழே இறங்கும்.

நான்கு பேரும் முடித்துவிட்டால் ஒரு ஹீட்டின் முடிவு இப்படித்தான் இருக்க முடியும்:

1. நம் இருவரும் முதல் இரண்டு இடம்: 5-1.
2. நமக்கு முதலிடமும் மூன்றாமிடமும்: 4-2.
3. நமக்கு முதலிடமும் கடைசி இடமும்: 3-3.
4. இரண்டாமிடமும் மூன்றாமிடமும் நமக்கு என்றாலும் அதே 3-3.
5. மற்றதெல்லாம் இவற்றின் மறுபக்கம்: 2-4, 1-5.

மூன்றாவது வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் வீரர் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி ஜெயிக்கிறார். கூட ஓட்டியவர் கடைசியில் வருகிறார். கேலரி கத்துகிறது, ஆனால் ஸ்கோர் சமம். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே எவ்வளவோ, மூன்றாமிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவேயும் அதே ஒரு புள்ளிதான். டிவி கேமரா முன்னால் போகிறவரைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, பின்னால் இரண்டு பேர் மூன்றாமிடத்துக்கு முழங்கையை இடித்துக்கொண்டு வருவார்கள். ஆட்டம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. ஸ்பீட்வே லீக்கைப் பார்க்கக் கற்றுக்கொள்வது என்றால் கண்ணைப் பின்னால் திருப்பக் கற்றுக்கொள்வது என்றே சொல்வேன்.

இதோடு இன்னொரு ஏற்பாடும் உண்டு. வீரர்களுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி புள்ளிக் கணக்கில்தான். அப்படியானால் முன்னால் போகும் தன் அணிக்காரரையே முந்திக் காசு பார்க்க ஆசை வருமே? அதைத் தடுக்கத்தான் ‘போனஸ்’. தன் அணிக்காரருக்கு நேர் பின்னால் வந்து, எதிரணியில் ஒருவரையாவது தோற்கடித்திருந்தால், அவர் கணக்கில் ஒரு போனஸ் சேரும். அணியின் ஸ்கோர் கூடாது. அவருடைய சராசரியும் வருமானமும் கூடும். அதனால் பின்னால் வருபவர் எதிரியை அடைத்துக்கொண்டு, முன்னால் போகிறவரைப் பத்திரமாக விட்டுவிடலாம். அழகான விதி இது.

முப்பது இடங்களில் ஐந்துதான் அவருக்கு

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 15 ஹீட், ஹீட்டுக்கு இருவர். ஓர் அணிக்கு மொத்தம் 30 இடம். எக்ஸ்ட்ராலிகாவில் அவை பிரியும் விதம்:

1. ஐந்து சீனியர்கள், ஆளுக்கு 4 ஹீட்: 20 இடம்.
2. இரண்டு ஜூனியர்கள், ஆளுக்கு 3 ஹீட்: 6 இடம்.
3. கடைசி இரண்டு ஹீட்டுகளுக்கு, அன்றைக்கு நன்றாக ஓட்டியவர்களைப் பார்த்து மேலாளர் தேர்ந்தெடுப்பார்: 4 இடம்.

அணியின் சிறந்த வீரருக்குச் சாதாரணமாக 5 ஹீட். ஐந்திலும் ஜெயித்தால் 15 புள்ளி, அதாவது 90இல் ஆறில் ஒரு பங்கு. அதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியாது. 46ஐ எட்டுவதற்கு இன்னும் 31 புள்ளியை, மீதியுள்ள 25 இடங்களில் மற்ற ஆறு பேர்தான் எடுக்க வேண்டும். ஆட்டத்தில் 6 புள்ளியோ அதற்கு மேலோ பின்தங்கினால், தடுமாறும் வீரருக்குப் பதிலாக நட்சத்திரத்தைக் கூடுதல் ஹீட்டில் இறக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் அந்த நிலை வந்துவிட்டது என்றாலே மற்றவர்கள் சறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிரணியின் முதல் வீரர் நல்லவர், 11 புள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் உலக சாம்பியன் 14 எடுக்கிறார். அவர் கொடுக்கும் அனுகூலம் 3 புள்ளி. இரண்டாவது ஹீட்டில் நம் ஜூனியர்கள் 1-5 என்று தோற்றால் போகிற புள்ளி 4. உலக சாம்பியன் இரண்டு மணி நேரம் உழைத்துச் சேர்த்ததை, பத்தொன்பது வயதுப் பையன்கள் ஒரே நிமிடத்தில் இழந்துவிடலாம்.

இரண்டாவது ஹீட்

அந்த இரண்டாவது ஹீட் ஜூனியர்களுக்கு மட்டுமே உரியது. 21 வயதுக்குட்பட்ட இரண்டு போலந்து வீரர்கள் அணியில் இருந்தாக வேண்டும். 2021இலிருந்து 24 வயதுக்குட்பட்ட ஒருவரும் வேண்டும் என்று சேர்த்தார்கள். பணம் இருக்கிறது என்பதற்காக உலகெங்கிலுமிருந்து ஏழு நட்சத்திரங்களை வாங்கி இறக்க முடியாது. உள்ளூரில் பையன்களை வளர்க்கத் தெரியாத அணிக்குப் பட்டம் கடினம்.

2022இன் லுப்லினைப் பாருங்கள். மிக்கெல் மிக்கெல்சென், தொமினிக் குபெரா, மக்சிம் த்ராபிக், 40 வயதான யாரோஸ்லாவ் ஹம்பெல்: இவர்களில் யாரும் தனிநபர் உலக சாம்பியன் இல்லை. ஆனால் கீழ்வரிசையில் இருந்தவர்கள் மதேயுஷ் செர்னியாக்கும் விக்டர் லம்பார்ட்டும். செர்னியாக் அந்த ஆண்டுதான் ஜூனியர் உலக சாம்பியன் ஆனார்; அடுத்த ஆண்டும் ஆனார். இரண்டாவது ஹீட்டில் உலகத் தரமான ஜூனியரை இறக்கும் அணி, ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே முன்னால் போய்விடுகிறது. அதே ஜூனியர் பிறகு சீனியர்களோடு ஓட்டும் இரண்டு ஹீட்டிலும் மூன்றாமிடம் பிடித்தால், அங்கே 3-3 ஆக இருக்க வேண்டியது 4-2 ஆகிறது. மேலே நட்சத்திரம் இல்லாத அணி அந்தச் சீசனில் ஜெயித்ததற்கு என் கணிப்பில் இதுதான் முதல் காரணம்.

எதிர் உதாரணம் ஒன்றும் உண்டு. 2021இல் ரஷ்யாவின் அர்த்யோம் லாகுதா உலக சாம்பியன் ஆனார். அவருடைய வ்ரோட்ஸ்வாஃப் ஸ்பார்ட்டாவும் லீக்கை வென்றது. ஆனால் அந்த அணியில் லாகுதாவுக்குப் பக்கத்தில் மூன்று முறை உலக சாம்பியனான தை வூஃபின்டனும் மாசேய் யனோவ்ஸ்கியும் இருந்தார்கள். ஹீட்டுகள் எப்படிப் பிரிந்தாலும் பெரும்பாலானவற்றில் முன்னால் போகக்கூடிய ஒருவர் இருந்தார்.

பட்டியல்: தோற்றாலும் சிரிக்கும் அணிகள்

2022இல் எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழையும் சொந்த ஊரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை சந்திக்கும், 14 ஆட்டம். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. இதற்கு மேல், இரண்டு ஆட்டங்களின் ஸ்கோரையும் கூட்டி யார் அதிகமோ அவர்களுக்கு இன்னும் 1 புள்ளி. ஆக ஓர் அணி எடுக்கக்கூடிய அதிகபட்சம் 28உடன் 7 சேர்ந்து 35.

செய்திகளில் குழப்பம் வருவது இந்தக் கூடுதல் புள்ளியால்தான். சொந்த ஊரில் 50-40 என்று ஜெயித்த அணி, வெளியூரில் 41-49 என்று தோற்றுவிட்டுக் கைகோத்து ரசிகர்களுக்கு வணக்கம் வைக்கும். தோற்றுவிட்டு எதற்கு இந்தக் கொண்டாட்டம்? இரண்டையும் கூட்டினால் 91-89. கூடுதல் புள்ளி அவர்களுக்கு. கடைசி ஹீட்டில் மூன்றாமிடத்துக்கு ஒருவர் உயிரைக் கொடுத்து ஓட்டியதன் பலன் அது.

வெளியூரில் ஜெயிப்பது கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லுப்லின் ட்ராக் ஏறக்குறைய 380 மீட்டர், கோஷூஃப் 330. நீளம், வளைவின் அகலம், மண்ணின் இறுக்கம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். மண்ணைத் தயார்செய்வது சொந்த ஊர் அணிதான். ட்ராக் கமிஷனர் ஒருவர் மேற்பார்வை பார்ப்பார். இறுகிய மண்ணில் டேப்பிலிருந்து வேகமாகக் கிளம்புபவருக்கு லாபம். தளர்ந்த மண்ணில் வெளிப்பக்கமாகச் சுற்றிவந்து முந்த முடியும். ஹீட்டுகள் ஓட ஓட மண் வெளிப்பக்கம் ஒதுங்கும். ஆரம்பத்தில் நன்றாக இருந்த உள்வரிசை பத்தாவது ஹீட்டில் வழுக்குப்பாறையாக மாறியிருக்கும். இதை முன்கூட்டியே அறிந்தவர்கள் அங்கே தினம் பயிற்சி செய்கிறவர்கள்தான்.

ஆள் குறையும்போது

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்ததும், ரஷ்ய வீரர்களைப் போலந்து கூட்டமைப்பு தடைசெய்தது. சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. வ்ரோட்ஸ்வாஃப் அணி நடப்பு உலக சாம்பியன் லாகுதாவை இழந்தது. தோருன் நகரத்தின் அணி எமில் சைஃபுத்தினோவை இழந்தது. அப்போது சந்தையில் அவர்களுக்கு ஈடான வீரர்கள் யாரும் மிச்சமில்லை.

லீக் இதற்குக் கொடுத்த தீர்வு ‘வீரர் மாற்று’ முறை. வழக்கமாகக் காயமடைந்த முக்கிய வீரருக்குப் பயன்படுவது. அவருடைய 4 ஹீட்டுகளையும் அணியின் மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து ஓட்டுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல வீரர் ஒருவர் ஐந்து ஹீட்டுக்குப் பதில் ஆறு ஓட்ட வேண்டும். சில நேரம் அடுத்தடுத்த ஹீட்டுகளில். எஞ்சின் ஆறாது, கையும் ஆறாது. முக்கியமாக, அன்றைக்கு யாராவது ஒருவர் சரியாக ஓட்டாவிட்டால் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் இல்லை. முந்தைய ஆண்டு பட்டம் வென்ற வ்ரோட்ஸ்வாஃப் 2022இல் பதக்கம் எதுவும் இல்லாமல் முடித்தது.

இங்கே ஒரு முரண் தெரியலாம். நட்சத்திரம் ஆறில் ஒரு பங்குதான் என்றால், அவர் போனதும் ஏன் சரிவு? ஒரு நட்சத்திரத்தைச் சேர்ப்பதும் ஒரு நட்சத்திரத்தை இழப்பதும் ஒரே அளவு அல்ல. சேர்க்கும்போது கிடைப்பது 11க்கும் 14க்கும் இடையிலான வித்தியாசம். மாற்று வீரர் கிடைக்காத நேரத்தில் இழக்கும்போது போவது முழு 14. அந்த இடங்களில் மற்றவர்கள் களைப்போடு எடுப்பதுதான் திரும்பி வரும். 2023இல் லாகுதாவும் சைஃபுத்தினோவும் போலந்து வீரர்களாக உரிமம் பெற்று லீக்குக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டே வ்ரோட்ஸ்வாஃப் இறுதிவரை வந்து வெள்ளி வாங்கியது.

காயம் இந்த விளையாட்டில் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. வளைவுகளில் காற்றடைத்த தடுப்புச் சுவர் வந்த பிறகும், 2012இல் இங்கிலாந்தின் லீ ரிச்சர்ட்சன் வ்ரோட்ஸ்வாஃபில் நடந்த லீக் ஆட்டத்தில் விழுந்து இறந்தார். 2015இல் ஆஸ்திரேலியாவின் டார்சி வார்டு ஷிலோனா கூராவில் லீக் ஆட்டத்தின்போது விழுந்ததில் முதுகெலும்பு அடிபட்டு, அதன் பிறகு நடக்க முடியாமல் போனார். புள்ளிக் கணக்குப் பேசும்போது இதையும் மறக்கக் கூடாது. மூன்றாமிடத்தின் அந்த ஒரு புள்ளிக்கு வீரர்கள் பணயம் வைப்பது சின்ன விஷயம் இல்லை.

பிளே ஆஃப்: பட்டியலில் முதலிடம் எதற்கு?

14 ஆட்டம் முடிந்ததும் பட்டம் முடிவாகிவிடாது. 2022இல் கொண்டுவந்த முறைப்படி முதல் ஆறு அணிகள் அடுத்த கட்டத்துக்குப் போயின. கடைசி இடத்திலிருந்த ஒஸ்த்ரூஃப் கீழ் லீக்குக்கு இறங்கியது. பிறகு:

1. முதலாம் அணி ஆறாவதோடு, இரண்டாவது ஐந்தாவதோடு, மூன்றாவது நான்காவதோடு கால் இறுதி. சொந்த ஊர், வெளியூர் என்று இரண்டு ஆட்டம். கூட்டிய ஸ்கோர்தான் கணக்கு.
2. ஜெயித்த மூவரோடு, தோற்றவர்களில் அதிகப் புள்ளி எடுத்த ஒருவரும் அரை இறுதிக்கு.
3. அரை இறுதியும் இறுதியும் அதே மாதிரி இரண்டு ஆட்டம்.

இரண்டாவது விதி பலரைக் கோபப்படுத்தியது. தோற்றவரை ஏன் உள்ளே விடுகிறீர்கள் என்பது நல்ல கேள்விதான். மூன்று கால் இறுதியிலிருந்து நான்கு அணி தேவை என்பதுதான் உண்மையான காரணம். விளைவு என்னவென்றால், தோற்பது உறுதியான ஆட்டத்திலும் கடைசி ஹீட் வரை ஒரு புள்ளிக்காகப் போராட வேண்டியதாயிற்று.

இறுதியின் முதல் ஆட்டம் கோஷூஃபில். சொந்த மண்ணில் ஸ்மார்ஸ்லிக்கின் அணி ஜெயித்தது. இரண்டாவது ஆட்டம் லுப்லினில். பட்டியலில் மேலே முடித்த அணிக்குக் கிடைக்கும் உண்மையான பரிசு இதுதான்: எத்தனை புள்ளி தேவை என்று தெரிந்துகொண்டு, தன் மண்ணில், தன் ரசிகர்கள் நடுவில் ஓட்டலாம். 40-50 என்று தோற்று வந்த அணிக்கு 51-39 வேண்டும். சில 5-1களும், மற்ற ஹீட்டுகளில் விடாமல் பிடித்த மூன்றாமிடங்களும் இருந்தால் அது கைக்கு எட்டும். லுப்லின் தன் பற்றாக்குறையை அப்படித்தான் அடைத்துப் பட்டத்தை எடுத்தது.

இரண்டு ஆட்ட முறையின் இன்னொரு முகத்தைப் பார்க்க 2013க்குப் போக வேண்டும். இறுதியின் இரண்டாவது ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் போட்டியில் தோருனின் தோமஷ் கோலோப் படுகாயமடைந்தார். மறுநாள் ஷிலோனா கூராவுக்கு வந்த தோருன் அணி ஓட்ட மறுத்துவிட்டது. அரங்கம் நிறைந்திருந்தது. ஒரு ஹீட்கூட ஓடாமல் பட்டம் ஷிலோனா கூராவுக்குப் போனது. தோருன் அடுத்த சீசனை மைனஸ் புள்ளியோடு தொடங்கியது. என்ன காரணம் சொன்னாலும், டிக்கெட் வாங்கி வந்த மக்களுக்கு அது செய்திருக்கக் கூடாத காரியம்.

சீசனுக்குப் பிறகு

2022 முடிந்ததும் ஸ்மார்ஸ்லிக், தான் வளர்ந்த கோஷூஃபை விட்டு, தன்னைத் தோற்கடித்த லுப்லினுக்கே போனார். செர்னியாக் இரண்டாவது ஹீட்டில், ஸ்மார்ஸ்லிக் பதினைந்தாவதில். 2023, 2024 இரண்டு லீக் பட்டமும் லுப்லினுக்கு வந்தன. அந்த இரண்டு ஆண்டும் உலகப் பட்டம் ஸ்மார்ஸ்லிக்குக்கு. சரி, அடித்தளம் உறுதியான அணியில் உலக சாம்பியனும் சேர்ந்தால் தடுக்கவே முடியாது என்று பலர் எழுதினார்கள்.

2025இல் ஸ்மார்ஸ்லிக் ஆறாவது முறையாக உலக சாம்பியன் ஆனார். ஐவன் மாகரும் டோனி ரிக்கார்ட்சனும் மட்டுமே எட்டியிருந்த எண்ணிக்கை அது. அதே ஆண்டு லீக் இறுதியில் லுப்லின் தோற்றது. பட்டம் 2008க்குப் பிறகு முதல் முறையாகத் தோருனுக்குப் போனது.